நாட்டியப் பெருமாட்டி ருக்மிணி தேவி அம்மையார்

நம் திருமுதுகுன்றத்திற் பிறந்து வளர்ந்தோரும், கல்வியின் பொருட்டு இவண் வந்து தங்கினோரும், பழமலைநாதர் திருக்கோயிலைக் காணாதிருத்தல் அரிது. அக்கோயிலின் கோபுர வாயில்களிற் புகுங்கால் இருமருங்கும் சற்றே நிமிர்ந்து நோக்கின், கற்சுவரில் சிறு சிறு கட்டங்களுள் ஆடும் மகளிர் உருவங்கள் வரிசை வரிசையாக அமைந்திருத்தல் புலனாகும். ஒருத்தி ஒரு காலை ஊன்றி மற்றொரு காலைத் தூக்கி நிற்கின்றாள். வேறொருத்தி இடையை வளைத்துக் கையை வீசி நிற்கின்றாள். பரத முனிவர் தம் நாட்டிய நூலில் வகுத்த 108 கரணங்களைச் சார்ந்த நிலைகள் இவை. சிதம்பரத்துக் கோபுரங்களிலும் இத்தகைய உருவங்கள் உள.

நாள்தோறும் எத்துணையோ பேர் இவற்றைக் கடந்து செல்கின்றனர். கல்லில் ஆடும் இம்மகளிரை இழிந்தோர் என எவரும் கூறக் கேட்டிலோம். ஆனால், அவ்வாடலையே உயிருள்ள பெண்ணொருத்தி ஆடியபோது அவளை இழித்துப் பேசிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அக்காலத்தில், பழிக்கு அஞ்சாது தாமே காலிற் சலங்கை கட்டி அரங்கில் ஏறிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம். அவரே அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அம்மையார்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையிற் பொறியாளராய் இருந்தவர். வடமொழிப் புலமையும் வாய்ந்தவர். தாயார் சேஷம்மாள் இசையில் மிக்க ஈடுபாடுடையவர். பிரம்மஞான சபையின் கொள்கைகளிற் பற்றுக்கொண்ட தந்தையார், பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர்ச் சென்னை அடையாற்றில் அச்சபையின் அருகே குடியேறினார். பல நாட்டினரும் பல சமயத்தினரும் ஒருங்கே வாழ்ந்த அவ்விடத்தில் ருக்மிணி தேவியார் வளர்ந்தார். அன்னி பெசண்டு அம்மையாரின் அன்பிற்கும் உரியரானார்.

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலப் பெரியாரை அவர் கண்டார். அருண்டேல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் தலைவராய் இருந்தவர். 1920-இல் இருவருக்கும் பம்பாயில் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு அகவை 16, மணமகனோ 25 ஆண்டு மூத்தவர், வேற்று நாட்டினர். வைதிகக் குடியிற் பிறந்த பெண் ஆங்கிலேயரை மணந்தாள் என்ற செய்தி சென்னை நகரில் பெருங்கிளர்ச்சியை விளைத்தது. ஊரார் வசைமொழியை அம்மையார் முதன்முதற் கேட்டது அப்பொழுதே. அதனைப் பொறுத்துக்கொள்ளப் பதினாறு அகவையிலேயே கற்றமை, பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

கணவருடன் அவர் பல நாடுகளுக்கும் சென்றார். ஐரோப்பாவின் இசை, ஓவியம், நாடகம் ஆகியவற்றை நேரிற் கண்டார். ஆயினும் அவர் வாழ்வின் திசையை மாற்றிய நிகழ்ச்சி 1928-இல் பம்பாயிலே நேர்ந்தது. ருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவா அவ்வாண்டில் தம் குழுவினருடன் இந்தியாவிற்கு வந்திருந்தார். அருண்டேல் தம்பதியர் அவருடைய ஆடலைக் காணச் சென்றனர்.

பாவ்லோவாவைப் பற்றியும் இங்குச் சில சொல்லுதல் வேண்டும். அவர் 1881-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவர் தாயார் துணி வெளுத்துப் பிழைத்தவர். பத்து அகவையில் அரசாங்க ஆடற்பள்ளியிற் சேர்க்கப்பெற்ற பாவ்லோவா, உடல் மெலிந்தவர். வலிய உடற்கட்டே ஆடலுக்கு ஏற்றது எனக் கருதிய அந்நாளில் இஃது ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. அம்மெலிவையே அவர் அழகாக்கினார். மேனாட்டார் ‘பாலே’ என வழங்கும் அவ்வாடலில், பெண்கள் காற்பெருவிரலின் நுனியில் உடல் முழுவதையும் தாங்கி நிற்பர். நிலத்தை விட்டு மேலெழுவதே அதன் நோக்கம். சாகும் அன்னமொன்று சிறகடித்துச் சிறகடித்து ஓய்வதைக் காட்டும் ஆடலால் பாவ்லோவா உலகப் புகழ் பெற்றார். சில நிமிடங்களே நிகழும் அவ்வாடலைக் கண்டோர் கண்ணீர் உகுத்தனர். பேரரங்குகளில் மட்டுமன்றி, ஆடலரங்கே கண்டறியாத சிற்றூர்களுக்கும், கீழை நாடுகளுக்கும் அவர் தம் கலையைக் கொண்டு சென்றார்.

பம்பாயில் கண்ட காட்சி ருக்மிணி தேவியாரின் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பலிலே இருவரும் உடன் பயணம் செய்ய நேர்ந்தமை நற்பேறு என்றே சொல்லல் வேண்டும். கடற்பயணத்தில் நட்பு வளர்ந்தது. ருக்மிணி தேவியார் பாலே கற்க விரும்பினார். எட்டுப் பத்து அகவையிலே தொடங்க வேண்டிய அக்கலையை இருபத்தைந்தாம் அகவையை அணுகிய ஒருவர் தொடங்குதல் எளிதன்று. ஆயினும் பாவ்லோவா மறுத்திலர். தம் குழுவின் சிறந்த ஆடலாளருள் ஒருவரான கிளியோ நோர்டியைக் கற்பிக்கச் செய்தார்.

கற்பித்ததோடு பாவ்லோவா அமைந்துவிடவில்லை. 1922-இல் முதன்முறை இந்தியாவிற்கு வந்தபொழுதே இந்நாட்டின் ஆடலைக் காண விழைந்து தேடியவர் அவர். அஜந்தாக் குகை ஓவியங்களைக் கண்டு, அவற்றைத் தழுவி ஓர் ஆடலை அமைத்தார். லண்டனில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த உதயசங்கர் என்னும் இளைஞருடன் சேர்ந்து, கண்ணனும் இராதையும் ஆடும் ஆடலை 1923-இல் மேடையேற்றினார். இந்திய நாட்டின் ஆடல் அந்நாட்டிலேயே மறைந்து கிடக்கின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலின், பாலே பயில்வது நன்றே எனினும், தம் நாட்டுக் கலையைத் தேடிக் காண்பதே ருக்மிணி தேவியாரின் கடமை என அவர் அறிவுறுத்தினார். தம் கலையில் ஒப்பற்று விளங்கிய ஒருவர், தம்மை நாடி வந்தவரைத் தம்பால் நிறுத்திக் கொள்ளாமல் அவர்தம் மண்ணுக்கே திருப்பி அனுப்பினார். ஆசிரியர்க்கு இதனினும் பெரிய தகுதி வேறு யாது? 1931 ஜனவரியில், ஐம்பது அகவை நிரம்புமுன்னரே, ஹாலந்து நாட்டில் பாவ்லோவா மறைந்தார். தாம் இட்ட வித்து முளைத்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இவ்விடத்தில் நம் ஊர்க்கதை ஒன்று நினைவுக்கு வருகின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. ஆற்றிலே போட்டதைக் குளத்திலே தேடுவது பேதைமை என உலகம் நகைக்கும், தேடியவரோ பெற்றார். ருக்மிணி தேவியாரின் செயலும் அத்தகையதே. காவிரி நாட்டில் மறைந்த பொன்னை அவர் ருசியரின் ஆடலரங்கிற் காணத் தொடங்கி, மயிலாப்பூரிலும் பந்தநல்லூரிலும் கண்டெடுத்தார்.

அக்காலத்துத் தமிழ்நாட்டில் ஆடற்கலையின் நிலைமை யாது? சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் வழங்கிய அவ்வாடலைக் கோயில்களைச் சார்ந்த தேவரடியார் குலத்துப் பெண்களும், அவர்க்குக் கற்பித்த நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அரசர்களின் ஆதரவு மறைந்தபின் அக்குலத்தார் வறுமையுற்றனர். அவர்களுட் பலர் வாழ்வு பிறரின் இச்சைக்கு உட்பட்டது. சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெரிதும் பாடுபட்டார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதனைத் தடுக்கும் சட்டமும் பிறந்தது. அம்முயற்சியில் அறம் இருந்தது. அதனை மறுப்பார் இலர். ஆயினும், வழக்கத்தோடு கலையும் அழிந்தொழிதல் வேண்டுமா என்ற கேள்வியும் உடன் எழுந்தது. வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் பெண்வேடம் பூண்டு தாமே ஆடி, அக்கலையின் மேன்மையை ஊரார்க்கு எடுத்துக் காட்டினார். சென்னைச் சங்கீத வித்வத் சபையும் அவ்வாடலைத் தன் மேடையில் ஏற்றியது. சதிர் என்னும் பெயர் நீங்கிப் பரதநாட்டியம் என்னும் பெயர் வழக்கூன்றியது அவ்வாண்டுகளிலேயே.

1933-இல் அச்சபையில் பந்தநல்லூர் மரபினர் ஆடிய சதிரை ருக்மிணி தேவியார் கண்டார். தாம் தேடியது இதுவே எனத் தெளிந்தார். கண்டு மகிழ்ந்ததோடு நில்லாது கற்கவும் துணிந்தார். மயிலைக் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த ஆடல் மரபிற் சிறந்தவரான கௌரி அம்மாளிடம் முதலிற் பயின்றார். பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். பிள்ளையவர்கள் தொடக்கத்திற் கற்பிக்கத் தயங்கினார். அத்தயக்கம் இயல்பே. குடிவழியாக வந்த கலையை, அதனை இகழ்ந்த உயர்குடியிற் பிறந்த ஒருவருக்கு, அதுவும் முப்பது அகவையை நெருங்கிய ஒருவருக்கு, எங்ஙனம் எளிதிற் கொடுத்துவிடுதல் இயலும்? ருக்மிணி தேவியாரின் உறுதியே அத்தயக்கத்தை வென்றது.

பாலேயும் பரதமும் உடலை நடத்தும் முறையில் நேர் எதிரானவை. முன்னது நிலத்தினின்று மேலெழப் பார்க்கும். பின்னது முழங்கால்களை இருபுறமும் மடக்கி அரைமண்டியில் அமர்ந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றித் தட்டும். முன்னதில் முகம் பெரும்பாலும் அமைதியாய் இருக்கும். பின்னதில் கண்ணும் புருவமும் விரலும் பாட்டின் பொருளைப் பேசும். விரல் நுனியில் எழப் பயின்ற கால், மீண்டும் மண்ணிற் படியப் பயிலல் வேண்டும். நம் நகரத்துப் பீங்கான் தொழிற்கூடங்களிற் பொம்மை செய்வதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அச்சில் வார்த்த மண் பச்சையாய் இருக்கும்வரை திருத்தலாம். உலர்ந்தபின் திருத்தப் புகின் உடையும். உலர்ந்த மண்ணை ஒத்த அகவையில் தம் உடலை மீண்டும் குழைத்து வேறோர் உருவாக்கினார் அம்மையார். நாட்டியத்தில் அவர் காட்டிய முதல் வீரம் இதுவே.

இரண்டாவது வீரம் அரங்கேறியது. 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் 60-ஆம் ஆண்டு விழா அடையாற்றில் நிகழ்ந்தது. அவ்விழாவிலே பலர் அறிய அவர் ஆடினார். அந்தணர் குடும்பத்துப் பெண் சதிராடுவதா எனச் சினந்தோர் பலர். காண வந்தோரும் பலர். ஆடல் முடிந்தபொழுது, வியப்பே சினத்தை விஞ்சி நின்றது. அதன்பின், தம் பெண்களை நாட்டியம் பயிற்றுவிக்க நடுத்தரக் குடும்பத்தார் மெல்ல மெல்ல முன்வந்தனர்.

1936 ஜனவரியில் அம்மையாரும் கணவரும் அடையாற்றில் ஒரு கலைப்பள்ளியை நிறுவினர். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்றது. மரநிழலிற் தொடங்கிய அப்பள்ளிக்கு, டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசைவாணரும், கதகளி வல்ல சந்து பணிக்கர், அம்பு பணிக்கர் முதலியோரும் ஆசிரியராய் அமைந்தனர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அங்குச் சிலகாலம் கற்பித்தார். மாணவர் ஆடல் மட்டும் கற்றால் போதாது. இசையும் மொழியும் ஓவியமும் அறிதல் வேண்டும் என்பது அம்மையாரின் துணிபு. நெசவுக்கூடமும் அங்கு எழுந்தது. பழைய கரைகளும் வண்ணங்களும் கொண்ட சேலைகள் அங்கு நெய்யப்பட்டன. தாளத்தைத் தட்டி ஆடலை நடத்தும் நட்டுவாங்கம் ஆடவர்க்கே உரியது என்றிருந்த வழக்கம் மாறி, பெண்களும் அதனை ஏற்று நடத்தினர்.

மேடையையும் அவர் மாற்றி அமைத்தார். முன்னாளில் இசைவாணர் ஆடுமகளின் பின்னே நின்று அவளுடன் நகர்ந்து வருவர். அவர்களை மேடையின் ஒரு பக்கத்தே அமரச் செய்தார். கோயிற் சிற்பங்களைப் பார்த்து உடையும் அணியும் வகுத்தார். மேனாட்டு நாடக மேடைகளில் தாம் கண்ட ஒளியமைப்பைத் தமிழ்ப் பாட்டிற்கு இசையுமாறு பயன்படுத்தினார். சிற்றின்பச் சுவை மிக்கவை எனத் தாம் கருதிய பதங்களை விலக்கினார்.

இறுதியிற் சொன்ன செயலைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது. வீணை தனம்மாளின் குடியிற் பிறந்த தி. பாலசரஸ்வதி அம்மையார், அந்நூற்றாண்டின் ஈடற்ற நாட்டியச் செல்வியார். சிருங்காரமே இக்கலையின் உயிர் என்றும், அதனைத் தூய்மை செய்யவேண்டிய தேவையே இல்லை என்றும் அவர் கொண்டிருந்தார். மரபிற் பிறந்தோர் கையினின்று கலை நழுவி, மேற்குடியினர் கைக்குச் சென்றது என்ற வருத்தமும் அக்குலத்தாரிடம் இருந்தது, இன்றும் இருக்கின்றது. புகழ் புதியவர்க்கு வந்தது. பழியைச் சுமந்த பழையவர்களுட் பலர் மேடையுமின்றி வறுமையில் மறைந்தனர். மேலே சொன்ன ஊர்க்கதையிலே ஒரு செய்தியை நாம் மறத்தலாகாது. சுந்தரர் திருவாரூரில் எடுத்த பொன் யாருக்காக? உருத்திர கணிகையர் குலத்துதித்த பரவையாருக்காகவே அன்றோ? எடுத்தவரின் திறத்தைப் போற்றுவோர், பொன்னுக்கு உரியவரையும் நினைத்தல் கடன். கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் கொடுத்திராவிடின், ருக்மிணி தேவியார் பெறுவதற்கு ஒன்றும் இருந்திராது. இதனைச் சொல்வதால் அம்மையாரின் பெருமை குறையாது. அவர் மூட்டிய விளக்கின் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும், அவ்வளவே.

அம்மையாரின் படைப்புகளுட் சிறந்தவை நாட்டிய நாடகங்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944-இல் மேடையேற்றினார். காளிதாசரின் குமாரசம்பவத்தை 1947-இல் அமைத்தார். இராமாயணத்தை ஆறு நாடகங்களாகப் பகுத்து, 1955-இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970-இல் மகா பட்டாபிஷேகத்தில் முடித்தார். முதற்பகுதிகளுக்கு இசை வகுத்த வாசுதேவாச்சாரியார் 1961-இல் மறைய, அவர் பேரர் இராஜாராம் அப்பணியை நிறைவேற்றினார். ஒரு கதையைப் பலர் கூடி, மேடை முழுவதையும் நிறைத்து, உடையும் ஒளியும் இசையும் ஒன்றாய் இயையச் சொல்லும் இம்முறையில், பாவ்லோவாவின் குழுவிற் கண்ட பாடம் மறைந்து நிற்கின்றது. ஆயினும் ஓர் அடவேனும் பாலேயினின்று எடுத்து ஒட்டப்படவில்லை. பரதம், கதகளி, மெலட்டூர்ப் பாகவத மேளம் ஆகிய இம்மண்ணின் ஆடல்களே அவற்றின் உடல். பிறரிடம் கற்க வேண்டுவது எது, பிறரிடமிருந்து எடுக்கலாகாதது எது என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

1945-இல் கணவர் மறைந்தார். பின்னர் அடையாற்றினின்றும் கலாக்ஷேத்திரத்தை வேறிடத்திற்குப் பெயர்க்க வேண்டியதாயிற்று. திருவான்மியூரில் கடலுக்கு அண்மையில், ஏறத்தாழ 100 ஏக்கர் மணல்வெளியில், மரங்களை நட்டுப் புதிய இடத்தை உருவாக்கினார். தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையர் மறைந்த மறு ஆண்டாகிய 1943-இல், அவர் தொகுத்த ஏட்டுச் சுவடிகளைக் காக்கும் நூல்நிலையம் தோன்றுவதற்கும் அம்மையாரே துணை நின்றார். தமிழ் கற்கும் நாம் இந்நன்றியை மறத்தல் இயலாது.

1952-இல் அவர் மாநிலங்கள் அவையின் நியமன உறுப்பினரானார். வாயில்லா உயிர்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க அங்கே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அம்முயற்சியின் விளைவாக 1960-இல் அரசாங்கமே சட்டம் இயற்றியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். 1956-இல் பத்ம பூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1977-இல் பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு வேண்டியபொழுது, அவர் அதனை ஏற்றிலர். குடியரசுத் தலைவரின் மாளிகையினும் திருவான்மியூர் மணலே அவருக்கு உவப்பாயிற்று.

1986 பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், 82 அகவை நிரம்புவதற்குச் சில நாட்களே இருந்தபொழுது, அம்மையார் சென்னையில் உயிர் நீத்தார். அவர் நிறுவிய கலாக்ஷேத்திரத்தை நாட்டின் சிறப்புடைய நிறுவனம் என அறிவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 1993-இல் இயற்றியது.

மாணவ அன்பர்காள்! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டு. தன்னுடையது என்பதற்காகவே ஒன்றை இகழ்தலும், பிறருடையது என்பதற்காகவே ஒன்றை வெறுத்தலும் ஒரே பேதைமையின் இரு முகங்கள். ருக்மிணி தேவியார் பிறநாட்டுக் கலையை வணங்கிக் கற்றார். அதன் வழியே தம் நாட்டுக் கலையைக் கண்டடைந்தார். இஃது ஒன்று. காலம் கடந்தது என எண்ணித் தளராது, முப்பது அகவையிற் புதிய பள்ளியில் முதல் அடவைத் தொடங்கினார். இஃது இரண்டாவது.

அடுத்த முறை பழமலைநாதர் கோபுர வாயிலைக் கடக்குங்கால் சற்றே நின்று நோக்குங்கள். கல்லில் நிற்கும் அம்மகளிர் பெயர் அறியப்படாதவர். அவர்களைப் போலவே ஆடி, பெயரின்றி மறைந்த எண்ணற்ற பெண்களையும், அவர் கலையை மீண்டும் அரங்கில் ஏற்றிய அம்மையாரையும் ஒருங்கே நினையுங்கள். அந்நினைவே இருசாராருக்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.